தியெட் கான் சாப்பிட்ட டிரைவருக்குக் காது போய்விட்டது: பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் பாக்டீரியா பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

சைகோன் செந்தில் (மாலை 7:12)

வணக்கம். வியட்நாமில் ஹோ சி மின் நகரத்தில், அதாவது சைகோனில், ஆறு வருஷமாக வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனி வண்டி ஓட்டுபவருக்கு வயது 46. இங்கே சித்தப்பாவை ‘சூ’ என்பார்கள். என் பிள்ளைகள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

தெத் புத்தாண்டுக்கு வடக்கே சொந்த ஊருக்குப் போனார். மூன்றாம் நாள் விடியற்காலையில் வீட்டில் வளர்த்த பன்றியை அடித்து தியெட் கான் செய்திருக்கிறார்கள். தெரியாதவர்களுக்காக: பச்சை ரத்தத்தைக் கிண்ணத்தில் பிடித்து, உறையாமலிருக்க மீன்சாறு கலந்து வைப்பார்கள். வேக வைத்துப் பொடியாக நறுக்கிய இறைச்சியைத் தட்டில் பரப்பி, அந்த ரத்தத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மேலே ஊற்றினால் சிறிது நேரத்தில் கட்டித் தயிர் மாதிரி உறைந்துவிடும். மேலே வறுத்த வேர்க்கடலை, புதினா, எலுமிச்சை பிழிந்து, அரிசிச் சாராயத்தோடு சாப்பிடுவார்கள். சிவப்பு நிறம் ஆண்டின் தொடக்கத்துக்கு நல்லது என்று நம்பிக்கை.

சாப்பிட்ட இரண்டாம் நாள் குளிர் ஜுரம், மண்டை பிளக்கும் தலைவலி, வாந்தி. புத்தாண்டு அலைச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். மறுநாள் கழுத்தை மடக்க முடியவில்லை, பேச்சு குழறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து ‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ்’ என்ற பாக்டீரியா என்றார்கள். உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் நினைவு தெளிந்ததும் மனைவியிடம், “எல்லாரும் ஏன் சத்தமில்லாம வாயை மட்டும் அசைக்கிறீங்க?” என்று கேட்டாராம். இரண்டு காதும் போயிருக்கிறது. இப்போது சைகோனுக்கு மாற்றிக் கொண்டுவந்திருக்கிறோம், தினமும் ஊசி போகிறது.

என் பிள்ளைகளை ஸ்கூலுக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். அவர்களுக்குத் தொற்றுமா? காது திரும்ப வருமா? அதே தட்டில் எட்டுப் பேர் சாப்பிட்டார்கள், மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. இவருக்கு மட்டும் ஏன்?

ஆய்வகத்து அமுதா (இரவு 8:05)

செந்தில், முதலில் பிள்ளைகள் விஷயம். பயப்பட வேண்டாம். இது பன்றியிலிருந்து மனிதருக்கு வருவது, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்தும் தேவையில்லை.

நான் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை செய்பவள். சில வருஷம் வடக்குத் தாய்லாந்தில் இருந்தேன். அங்கே தியெட் கானுக்குப் பதில் பச்சை லாப்: கொத்திய பச்சை இறைச்சியில் ரத்தமும் மசாலாவும் பிசைந்தது. கிருமி அதேதான். 2013 முடிய உலகம் முழுக்கப் பதிவான 1,600க்கு மேற்பட்ட நோயாளிகளில் பெரும்பகுதி தாய்லாந்து, வியட்நாம், சீனா மூன்றிலும்தான். தெற்கு வியட்நாமில் பெரியவர்களுக்கு வரும் பாக்டீரியா மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு (மெனிஞ்சைடிஸ்) முதல் காரணமே இதுதான்.

ஏன் இவருக்கு மட்டும்? தொடர்ந்து குடிப்பவரா, சர்க்கரை உண்டா, மண்ணீரல் எடுத்தவரா என்று கேளுங்கள். அப்படிப்பட்டவர்களை இந்தக் கிருமி சுலபமாக வீழ்த்தும். இன்னொன்றும் கேளுங்கள். அன்று அவர் சாப்பிட மட்டும் செய்தாரா, பன்றியை வெட்டவும் கழுவவும் கை கொடுத்தாரா? கையில் காயம் இருந்ததா? பலர் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை.

காது பற்றிக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். நாளை எழுதுகிறேன்.

கிள்ளான் குமரன் (இரவு 8:40)

எங்கள் மலேசியாவில் 1998, 99ல் நடந்ததும் இதுதானே? நான் அப்போது நெகிரி செம்பிலானில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். ராணுவம் வந்து பன்றிகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தது ஞாபகம் இருக்கிறது. நூற்றுக்கு மேல் ஆட்கள் இறந்தார்கள்.

ஆய்வகத்து அமுதா (இரவு 8:52)

அது நிப்பா, குமரன். வைரஸ். பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு, பன்றியிலிருந்து ஆட்களுக்கு. மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொல்வதும் வைரஸ்தான். இங்கே பேசுவது பாக்டீரியா. பெனிசிலினுக்கே கட்டுப்படும், அதனால்தான் தாமதமாகக் கண்டுபிடிப்பது அவ்வளவு வயிற்றெரிச்சல்.

கிள்ளான் குமரன் (இரவு 9:03)

சரிங்க அக்கா. ஆனால் எங்கள் ஊரிலும் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து மாதக்கணக்கில் கொசு மருந்துதான் அடித்தார்கள். பன்றிப் பண்ணைக்காரர்களுக்குத்தான் வருகிறது என்பது கண்முன்னால் இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மெய்ப்பொருள் (இரவு 10:20)

இதற்குத்தான் பெரியவர்கள் பன்றியே ஆகாது என்றார்கள். சாக்கடையில் புரளும் பிராணி. தின்னாமல் இருந்தால் எந்த நோயும் இல்லை.

ஆய்வகத்து அமுதா (காலை 6:30)

மெய்ப்பொருள் ஐயா, கோபப்படாமல் கேளுங்கள். நன்றாக வேக வைத்த பன்றிக்கறியால் இந்த நோய் வருவதில்லை. உள்ளே 70 டிகிரி சூடு ஏறி, வடியும் சாறு சிவப்பில்லாமல் தெளிந்தால் கிருமி செத்தது. நம் வீட்டில் ஆட்டு ரத்தத்தை வேக வைத்து, உதிர்த்து, வெங்காயம் தேங்காய் போட்டுப் பொரியல் செய்கிறோமே, அப்படிச் செய்த ரத்தத்தில் இதற்கு வேலையே இல்லை. சாக்கடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. தரை தினமும் கழுவும் பண்ணையில், ஒரு தும்மல்கூட இல்லாத பன்றியின் டான்சிலில் இது குடியிருக்கும்.

மனிதருக்கு வந்ததாக முதலில் பதிவானது 1968ல் டென்மார்க்கில். நெதர்லாந்தில் 1980களில் கணக்குப் பார்த்தபோது, இறைச்சிக்கூட ஊழியர்களுக்கும் பன்றி வளர்ப்பவர்களுக்கும் இந்த மூளைச்சவ்வுக் காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1,500 மடங்கு என்று வந்தது. அவர்கள் யாரும் பச்சை ரத்தம் குடிக்கவில்லை. கை வழியாக வந்தது. வாயை மட்டும் பார்த்தால் கையைத் தவறவிட்டுவிடுவோம்.

இன்னொன்று. ‘அசிங்கமான பிராணி’ என்ற பேச்சு நோயை ஒரு அடிகூடத் தள்ளி வைப்பதில்லை. பன்றி வேலை செய்பவர் டாக்டரிடம் தன் தொழிலைச் சொல்லக் கூசுகிற மாதிரி மட்டும் செய்துவிடுகிறது.

வெண்பன்றி பாண்டி (காலை 9:15)

அக்கா, நீங்க கடைசியா எழுதுனதைப் படிச்சிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். நான் திண்டுக்கல் பக்கம், 60 வெண்பன்றி வச்சிருக்கேன். ரெண்டு வருஷம் முன்னாடி கட்டைவிரல் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன தொழில்னு கேட்டாங்க. போன தடவை காய்ச்சலுக்குப் போனப்ப பன்றின்னு சொன்னேன், பக்கத்து பெட்டுக்காரர் இடம் மாத்திக் கேட்டார், நர்சம்மா முந்தானைய மூக்குல வச்சாங்க. அதனால இந்தத் தடவை ‘விவசாயம்’னு சொல்லிட்டேன். முள்ளு குத்துச்சான்னு கேட்டாங்க, ஆமான்னேன்.

அந்த விரல் சீழ் வைக்கலை. கத்தரிப்பூ நிறத்துல, ஓரம் மட்டும் மேடா தடிச்சு, நாளுக்கு நாள் கைப்பக்கம் நகர்ந்துச்சு. தொட்டா உயிர் போற வலி. குட்டிக்குப் பல் வெட்டும்போது கீறினது அது. பொறந்த குட்டிக்கு ஊசி மாதிரி எட்டுப் பல் இருக்கும், தாய் மடியைக் கடிக்காம இருக்க மொத நாளே வெட்டிடுவோம். வெறுங்கையாலதான். இதுவும் அந்தக் கிருமியா?

கால்நடை கதிர் (காலை 11:48)

பாண்டி, நீங்கள் சொல்லும் விரல் பெரும்பாலும் வேறு கிருமி. பெயர் எரிசிபெலோத்ரிக்ஸ். பன்றிக்கு வந்தால் முதுகிலும் விலாவிலும் வைர வடிவத்தில் சிவந்த தடிப்பு எழும், நீங்கள் பார்த்திருப்பீர்கள். மனிதருக்கு விரலில் இறங்கினால் நீங்கள் எழுதிய அதே மாதிரி இருக்கும்: ஊதா நிறம், மேடான ஓரம், சீழ் இல்லாமை, வீக்கத்துக்குச் சம்பந்தமில்லாத வலி. மீன் வெட்டுபவர்களுக்கும் வரும். படத்தைக்கூடப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் வர்ணனை பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறது.

பல நேரம் மூன்று நான்கு வாரத்தில் தானே அடங்கிவிடும். அரிதாக ரத்தத்தில் ஏறி இதய வால்வில் உட்கார்ந்துவிடும். அங்கேதான் நீங்கள் சொன்ன ‘விவசாயம்’ ஆபத்தாகிறது. காரணம் தெரியாத கடுமையான தொற்று என்றால் டாக்டர்கள் முதலில் எடுக்கும் மருந்துகளில் ஒன்று வான்கோமைசின். இந்தக் கிருமிக்கு வான்கோமைசின் இயல்பிலேயே வேலை செய்யாது. பெனிசிலின் அழகாகக் கேட்கும். பன்றி என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்தால் டாக்டரின் எண்ணம் அந்தப் பக்கம் போகும்.

சூயிஸ் பற்றி: தாய்ப்பன்றியிடமிருந்து ஈனும்போதே குட்டிக்குப் போய்விடும். உலகில் இது இல்லாத மந்தை அபூர்வம். பால் மறக்கடித்த பிறகு சில குட்டிகள் மூட்டு வீங்கி நொண்டும், அல்லது பக்கவாட்டில் சாய்ந்து சைக்கிள் மிதிப்பது மாதிரிக் காலை உதைக்கும். அந்தக் குட்டியைத் தொட்டால் கையுறை அவசியம். செத்தால் அறுத்துப் பார்க்காதீர்கள், கறிக்கும் எடுக்காதீர்கள். ஆழக் குழி, சுண்ணாம்பு, மூடிவிடுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 2005ல் சீனாவின் சிச்சுவான். இரண்டு மாதத்துக்குள் 215 பேர், 38 சாவு. அநேகமாக எல்லாரும் சின்ன விவசாயிகள். நோய்ப்பட்ட பன்றியை, அல்லது செத்த பன்றியை, நட்டமாகிறதே என்று வீட்டுக் கொல்லையில் அறுத்தவர்கள். காலையில் அறுத்தவருக்கு மறுநாளே உடம்பெல்லாம் ரத்தத் திட்டு, ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலை. வளர்த்த பிராணி செத்தால் கையில் வரும் காசு போகிறது, அதனால்தான் அறுக்கிறார்கள். அந்த இழப்புக்கு யாராவது ஈடு கொடுத்தால்தான் ‘புதைத்துவிடு’ என்ற அறிவுரை எடுபடும்.

வெண்பன்றி பாண்டி (மதியம் 12:30)

டாக்டர், கையுறை போட்டா குட்டி வழுக்குது. அதான் யாரும் போடறதில்லை. வேற வழி இருக்கா?

கால்நடை கதிர் (மதியம் 1:10)

மெல்லிய மருத்துவக் கையுறைக்கு மேல் நூல் கையுறை போட்டுப் பாருங்கள், பிடி கிடைக்கும். அதுவும் முடியாத அன்று, வேலைக்கு முன்னால் விரல் விரலாகப் பாருங்கள், கீறல் இருந்தால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி. குட்டி கீறிவிட்டால் ‘அப்புறம் பார்க்கலாம்’ வேண்டாம். அந்த இடத்திலேயே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவி, அயோடின். இன்னொரு கேள்வி: எல்லாக் குட்டிக்கும் பல் வெட்டத்தான் வேண்டுமா? ஈற்று சின்னதாக இருந்து தாய்க்கு நல்ல பால் இருந்தால் விட்டுப் பார்க்கலாம்.

கொட்டகைக்குள் வெறுங்காலோடு போகாதீர்கள். எலிக்காய்ச்சல் கிருமி பன்றி மூத்திரத்திலும் வரும், எலி மட்டும் காரணமில்லை.

ஐந்தோவன் அருள் (மதியம் 3:55)

பாண்டி அண்ணே எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நான் நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரத்தில் இருக்கிறேன். சுற்றிலும் பன்றிப் பண்ணைதான். போன வருஷம் ஒரு சின்ன ஆபரேஷனுக்குப் போனபோது நர்ஸ் கணினியைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டார்: மாத்திரை ஒவ்வாமை உண்டா, வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் இருந்தீர்களா, உயிருள்ள பன்றிகளோடு பழக்கம் உண்டா. நான் கணினி வேலை செய்பவன். ஆனால் எல்லாரிடமும் இது கேட்கப்படுகிறது. முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், ஒவ்வாமையைக் கேட்ட அதே குரலில்.

பின்னால்தான் காரணம் படித்தேன். 2004 வாக்கில் இங்கே ஒரு கைக்குழந்தைக்கு ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில், பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்ஆர்எஸ்ஏ கிருமி கிடைத்தது. பெற்றோர் பன்றிப் பண்ணைக்காரர்கள். அந்தப் பகுதியில் 26 பன்றி விவசாயிகளைச் சோதித்தால் 6 பேர் மூக்கில் அது இருந்தது. நாட்டு மக்களோடு ஒப்பிட்டால் 760 மடங்கு. விவசாயிகளைத் திட்டவில்லை, ஒதுக்கவில்லை. ‘ஆம்’ என்றால் மூக்கில் பஞ்சு வைத்துச் சோதித்து, முடிவு வரும் வரை தனி அறை கொடுக்கிறார்கள். கூடவே பண்ணைகளில் ஆண்டிபயாடிக் விற்பனையை 2009க்குப் பிறகு சில வருஷத்திலேயே பாதிக்கும் கீழே இறக்கினார்கள்.

பாண்டி அண்ணே, தப்பு உங்கள் மேல் இல்லை. உங்களிடம் அந்தக் கேள்வியை அந்தக் குரலில் யாரும் கேட்கவில்லை.

வெண்பன்றி பாண்டி (மாலை 4:20)

நன்றி தம்பி. வேறென்ன சொல்றதுன்னு தெரியலை.

கால்நடை கதிர் (மாலை 5:02)

அருள் தொட்டதால் ஒரு வார்த்தை. நம் ஊரில் தீவனத்தோடு கொலிஸ்டின் கலக்கும் பழக்கம் இருந்தது. வேறு எந்த மருந்தும் கேட்காத மனித நோயாளிக்குக் கடைசியாகக் கையில் எடுப்பது அது. அதை எதிர்க்கும் மரபணு ஒன்று பாக்டீரியாவுக்குள் பாக்டீரியாவாகத் தாவுகிறது, பன்றியிலும் மனிதரிலும் இருக்கிறது என்று 2015ல் சீனாவில் கண்டார்கள். இந்தியாவில் 2019 ஜூலையில் கால்நடைகளுக்குத் தடை வந்தது. பழைய பாக்கெட் கொட்டகையில் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள்.

ஆய்வகத்து அமுதா (இரவு 7:30)

காது பற்றி எழுதுவதாகச் சொன்னேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாளாக மனதில் கிடக்கிறது.

தாய்லாந்து ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருஷம். ஒரு நோயாளியின் ரத்த கல்ச்சர் வந்தது. தட்டில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாகச் சாம்பல் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி லேசான பச்சை வளையம். வாயில் சாதாரணமாக இருக்கும் விரிடன்ஸ் வகைக் கிருமியும் இப்படித்தான் இருக்கும். ஊசி குத்தும்போது ஒட்டியிருக்கும் என்று நினைத்து ‘விரிடன்ஸ், கலப்படமாக இருக்கலாம்’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். மறுநாள் என் மேலாளர் தட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு வார்டுக்குப் போன் செய்து ஒரே கேள்வி கேட்டார்: “இவர் என்ன வேலை செய்கிறார்?” சந்தையில் பன்றிக் குடல் கழுவுபவர். மறுபடி சோதித்தோம், சூயிஸ். அவருக்கு ஏற்கெனவே சரியான மருந்து போய்க்கொண்டிருந்ததால் பிழைத்தார். என் கையெழுத்து போட்ட அந்தச் சீட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது. வார்டிலிருந்து வந்த சீட்டில் தொழில் என்ற இடம் காலியாக இருந்தது. அன்றிலிருந்து காலியாக வந்தால் நான் போன் செய்துவிடுகிறேன்.

இப்போது காது. மூளையைச் சுற்றியுள்ள நீருக்கும் உள்காதில் நத்தை வடிவிலிருக்கும் காக்ளியாவுக்கும் இடையே நூல் போல ஒரு கால்வாய் உண்டு. கிருமி அந்த வழியாக உள்ளே போய், ஒலியை உணரும் நுண்மயிர் அணுக்களை அழிக்கிறது. அவை திரும்ப முளைப்பதில்லை. ஹோ சி மின் நகரத்தில் 151 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் இறந்தவர்கள் 100க்கு மூன்று பேருக்கும் குறைவு, ஆனால் மூன்றில் இரண்டு பேருக்குக் கொஞ்சமாவது கேட்கும் திறன் குறைந்திருந்தது. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தவர்களுக்குக் காது ஓரளவு தப்பியது.

செந்தில், அவசரமாகச் செய்ய வேண்டியது இது. இந்தக் காய்ச்சலுக்குப் பின் சிலருக்குக் காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து அடைத்துவிடும். அடைத்த பின் காக்ளியர் இம்ப்ளான்ட் (உள்காதில் ஆபரேஷன் செய்து பொருத்தும் கேட்கும் கருவி) கம்பியை நுழைப்பது கடினம். ‘ஆறு மாதம் போகட்டும், பார்க்கலாம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்போதே செவித்திறன் சோதனை, உள்காதுக்கு எம்ஆர்ஐ. ஊசி எத்தனை நாள் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு வாரத்துக்குக் குறைத்தால் திரும்ப வரக்கூடும்.

சைகோன் செந்தில் (மறுநாள் இரவு 9:40)

அமுதா அக்கா, நீங்கள் சொன்னபடியே கேட்டேன். இன்று ஊசி 11ஆம் நாள், 14 வரை போடுகிறார்கள். எம்ஆர்ஐ திங்கட்கிழமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

என் மகளின் சிலேட்டைக் கொண்டுபோனேன். “பன்றியை வெட்டினீர்களா, கையில் காயமா?” என்று எழுதிக் காட்டினேன். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஆறிய வெட்டு, ஒரு அங்குலம் இருக்கும். குடலை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியது அவர்தானாம். சமையல் கத்தி முதல் நாளே பட்டிருக்கிறது, துணி சுற்றிக்கொண்டு வேலை செய்திருக்கிறார். அரைக் கிண்ணம் ரத்தமும் சாப்பிட்டிருக்கிறார். எதன் வழியாக வந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஊர் ஆஸ்பத்திரியில் யாரும் கையைப் பார்க்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அந்தப் பன்றி நோய்ப்பட்டதா என்று கேட்டேன். சிலேட்டில் பெரிதாக எழுதினார்: “நல்ல பன்றி. என் அம்மா வளர்த்தது.”

கிள்ளான் குமரன் (இரவு 10:15)

அக்கா, தாய்லாந்தில் பச்சை லாப்பை நிறுத்த முடிந்ததா? இவ்வளவு பேர் பாதிக்கப்பட்டுமா சாப்பிடுகிறார்கள்?

ஆய்வகத்து அமுதா (இரவு 10:50)

பயாவ் மாகாணத்தில் 2007ல் ஒரே பரவலில் 50 பேருக்கு வந்தது. பிறகு பெரிய பிரசாரம் நடத்தினார்கள். முதல் இரண்டு வருஷம் எண்ணிக்கை குறைந்தது, மூன்றாம் வருஷம் திரும்ப ஏறிவிட்டது. கல்யாணம், சாவு, அறுவடை எல்லாவற்றிலும் பெரியவர் தட்டை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்வது சாமானியமில்லை. நான் போன வீடுகளில் எடுபட்டது ஒன்றுதான்: லாப்பை விடச் சொல்லாமல் சட்டியில் போட்டு வதக்கச் சொன்னால் பெண்கள் கேட்டார்கள். அதே மசாலா, வதக்கிய லாப். ஆண்கள் முதலில் முணுமுணுப்பார்கள், பிறகு சாப்பிடுவார்கள்.

சைகோன் செந்தில் (செவ்வாய் இரவு 8:25)

எம்ஆர்ஐ வந்துவிட்டது. வலது காதில் இன்னும் அடைப்பு இல்லை. இடது காதில் ஒரு சுற்றில் நீர் இருக்க வேண்டிய இடம் மங்கலாகத் தெரிகிறதாம். வலது காதுக்கு இம்ப்ளான்ட் இந்த மாதமே வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். பணத்துக்குக் கம்பெனியில் பேசிக்கொண்டிருக்கிறோம், பாதி சேர்ந்துவிட்டது.

அவர் தம்பியிடம் போனில் பேசினேன். போன வாரம் தாத்தா திவசத்துக்கு மறுபடி பன்றி அடித்தார்களாம். ரத்தத்தை வேக வைத்துத் துண்டு போட்டுக் கஞ்சியில் சேர்த்துவிட்டார்கள். குடல் கழுவியவர்கள் கையில் பிளாஸ்டிக் பை கட்டிக்கொண்டார்களாம். அப்பா மட்டும் ஒரு கிண்ணம் தியெட் கான் கேட்டிருக்கிறார். அம்மா தரவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாராம்.

பாண்டி அண்ணே, நூல் கையுறை சரிப்பட்டதா? தம்பிக்குச் சொல்ல வேண்டும், அவர் மனைவி அடுத்த மாதம் குட்டிகளுக்குப் பல் வெட்டுவாராம்.

வெண்பன்றி பாண்டி (செவ்வாய் இரவு 9:10)

நனையாத வரைக்கும் நல்லா பிடிக்குது. நனைஞ்சா மாத்தணும், நாலு ஜோடியாவது பக்கத்துல வச்சுக்கச் சொல்லுங்க.